கண்மணியில் வெண்மை தெரிந்தால்

செல் எப்போது பிரிய வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதை நெறிப்படுத்தும் மரபணுக்கள் நம் உடலில் உள்ளன. புற்றை அடக்கும் மரபணுக்கள் எனப்படும் இவற்றுள் முதலில் பிரித்தறியப்பட்டது, 13ஆவது குரோமோசோமில் உள்ள ஆர்பி1, ஆண்டு 1986.

இம்மரபணுவின் இரு பிரதிகளைத் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாகப் பெறுகிறோம். ஒன்று பழுதுற்றாலும் மற்றது காவலைத் தொடரும். விழித்திரைச் செல் ஒன்றில் இரண்டுமே பழுதுற்றால், ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் குழந்தைகளின் கண் புற்றுநோய் உருவாகலாம். நோய்க்கு இரு பழுதுகள் வேண்டும் என்னும் இக்கருத்தை அமெரிக்க மருத்துவர் ஆல்ஃபிரட் நட்சன் 1971இல் வெளியிட்டார்.

சில குழந்தைகள் ஒரு பழுதுடனேயே பிறக்கின்றனர். அவர்களுக்கு இன்னொரு பழுதே போதும். எனவே நோய் மிக இளவயதில், பெரும்பாலும் இரு கண்களிலும் தோன்றுகிறது.

"இது யாருடைய குற்றம்?" எனப் பெற்றோர் வருந்துவதுண்டு. எவருடைய குற்றமும் அன்று. பல குடும்பங்களில் இப்பழுது புதிதாகவே தோன்றுகிறது. எனினும், நோயுற்ற குழந்தையின் உடன்பிறந்தோரையும் தாமதமின்றிக் கண் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள். புகைப்படத்தில் குழந்தையின் கண்மணி வெண்மையாக ஒளிர்ந்தாலோ, மாறுகண் தோன்றினாலோ காத்திருக்க வேண்டாம். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் உயிரைக் காக்கலாம். பல வேளைகளில் பார்வையையும் காக்கலாம்.