அழுகையும் ஆங்கிலச் சொற்களும்

2025ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலை ஒட்டி இருந்த மதராசி கேம்ப், உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி இடிக்கப்பட்டதை அன்பர்கள் அறிவர். முந்நூறுக்கு மேற்பட்ட வீடுகள் வீழ்ந்தன. தகுதியுடையோர் எனக் கணக்கிடப்பட்டவர்க்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நரேலாவில் வீடு ஒதுக்கினர். ஏனையோர்க்கு அதுவும் இல்லை.

அவ்வாரத்தில் நம் பெண்மணி ஒருவர், தாம் வேலை செய்யும் இல்லத்தில் பாத்திரம் துலக்கியவாறே அழுதிருக்கிறார். வீட்டுக்காரர் ஆங்கிலத்தில், "நீ மிகவும் சென்டிமென்டல்; புது வீடுதான் கிடைக்கிறதே" என்றாராம். பள்ளியில் பயிலும் அவர் மகள் அச்சொல்லுக்குப் பொருள் கேட்டு நம்மிடம் வந்தாள். அகராதியைப் புரட்டி, "மிகையுணர்ச்சி" என்றோம். "அம்மா அழுததில் மிகை எது?" என்றாள். விடை கூற நமக்கு இயலவில்லை.

அச்சொல்லின் வரலாறு வியப்பானது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலேயர் அதனைப் புகழ்ச்சியாகவே வழங்கினர். நுண்ணிய உள்ளம் படைத்தவர் என்பது பொருள். லாரன்ஸ் ஸ்டெர்ன் 1768இல் வெளியிட்ட தம் பயண நூலின் தலைப்பிலேயே அதைப் பெருமையோடு வைத்தார். பின்னரே அது ஏளனத்திற்கு இறங்கியது.

அதன் உறவுச் சொற்களோ பிறப்பிலேயே இழிந்தவை. 'மாக்கிஷ்' என்பதன் வேர் புழுவைக் குறிக்கும். குமட்டல் என்பதே அதன் பழம்பொருள். 'ஷ்மால்ட்ஸ்' யூதர்தம் இத்திஷ் மொழியிலிருந்து வந்தது; உருக்கிய கோழிக்கொழுப்பு என்று பொருள். 'மாட்லின்' என்பது மகதலேனா மரியாளின் பெயரே. ஓவியர்கள் அவரைக் கண்ணீரும் கையுமாகவே தீட்டியமையால், குடிவெறியில் அழுவோர்க்கு அப்பெயரைச் சூட்டிவிட்டனர். ஆக்ஸ்போர்டில் அவர் பெயர் தாங்கிய கல்லூரியையும் இன்றளவும் 'மாட்லின்' என்றே ஒலிக்கின்றனர். அங்கே மட்டும் இழிவில்லை போலும்!

நாடக மேடையில் புரண்டு அழுவாரைக் கண்டு சலித்த நமக்கும் இத்தகைய சொற்கள் வேண்டியவையே. நம்மவரும் 'சென்டிமென்ட்' என்று தாய்ப்பாசக் காட்சியையும், ராசியான பேனாவையும் ஒருங்கே குறிக்கின்றனர். அது கிடக்க.

இச்சொற்கள் யாவும் கண்ணீரின் அளவைப் பார்ப்பன. தொல்காப்பியரின் மெய்ப்பாட்டியலோ அதன் காரணத்தைப் பார்க்கிறது. மெய்ப்பாடுகள் எட்டனுள் அழுகையும் ஒன்று. பிறர் இகழ்தல், உடையதை இழத்தல், முன்னைய நிலை கெடுதல், வறுமை என நான்கிடத்தே அது பிறக்கும். மதராசி கேம்ப் மக்களுக்கு அன்று இந்நான்கில் எது இல்லை? தகுதியில்லை என்ற சொல் முதலாவது. நின்ற வீடு இரண்டாவது. அண்டை அயலாரும், நடந்தே எட்டிய வேலையும் போனது மூன்றாவது. நான்காவதை விளக்க வேண்டுவதில்லை.

இதனை அச்சிறுமிக்கு எடுத்துரைத்தோம். நான்கையும் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டவள், "அம்மா இப்போது அழுவதில்லை" என்றாள். நரேலாவிலிருந்து விடியுமுன் புறப்பட்டு அதே இல்லத்திற்கு வேலைக்குச் செல்கிறாராம். பேருந்தில் இடம் கிடைத்தால் உறங்கிவிடுகிறாராம்.