பிரீடரிக் வோலர்

உப்பு, உலோகம் முதலியவற்றை மனிதன் ஆய்வுக்கூடத்தில் ஆக்கலாம். சருக்கரை, யூரியா போன்றவற்றை உயிருடம்பினுள் உறையும் ‘உயிராற்றல்’ ஒன்றே ஆக்கவல்லது எனப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேதிநூல் வல்லார் பலர் நம்பினர். அந்நம்பிக்கையை அசைத்தவர் ஜெர்மானிய அறிஞர் வோலர்.

இவர் 1800-ஆம் ஆண்டு பிராங்க்பர்ட் நகரை அடுத்த எஷர்ஷைம் என்னும் சிற்றூரிற் பிறந்தார். மருத்துவப் பட்டம் பெற்றும் அத்தொழிலை விடுத்து, சுவீடன் நாடு சென்று பெர்சீலியஸ் என்னும் பேரறிஞரிடம் மாணாக்கரானார்.

பின்னர்ப் பெர்லின் தொழிற்பள்ளியில் ஆசிரியராயிருந்த காலத்தே, அம்மோனியம் சயனேட்டு என்னும் உப்பைப் பெற விழைந்து, வெள்ளி சயனேட்டுடன் அம்மோனியம் குளோரைடுக் கரைசலைச் சேர்த்தார். நீர் வற்றியபின் எஞ்சிய வெண்படிகங்களோ அவ்வுப்பின் குணங்களைக் காட்டவில்லை. இத்தகைய படிகங்களை 1824-இலேயே கண்டிருந்தும் இன்னதென அறியாதிருந்தார். 1828-இல் அவற்றைச் சிறுநீரினின்று பிரித்த யூரியாவுடன் ஒப்பிட்டார்; இரண்டும் ஒன்றே! சிறுநீரகத்தின் துணையின்றியே யூரியாவை ஆக்க இயலும் என்று தம் ஆசிரியருக்கு மடல் வரைந்தார். அன்றே பழங்கொள்கை வீழ்ந்ததென்பார் கூற்று மிகையாம். 1845-இல் கோல்பே அசெட்டிக் அமிலத்தை ஆக்கியது போன்ற பிற்காலப் பணிகளால் அது மெல்லத் தேய்ந்தது.

அம்மோனியம் சயனேட்டும் யூரியாவும் ஒரே அணுக்களை ஒரே அளவில் உடையன. அவை அமைந்த முறையே வேறு. ‘வாசி’ என்பதன் எழுத்துகள் இடம் மாறிச் ‘சிவா’ ஆதல் போல்வது இது. முன்பு, வோலரின் வெள்ளி சயனேட்டும் லீபிக் ஆராய்ந்த வெடிக்கும் வெள்ளிப் பல்மினேட்டும் ஒரே கூறுடையனவாகக் காணப்பட்டபொழுது, வோலர் பிழைத்தாரென லீபிக் வழக்கிட்டார். இருவர் முடிவும் மெய்யெனத் தெரிந்தது. அவ்வழக்கே அவர்களை வாழ்நாள் நண்பராக்கிற்று.

வோலர் 1827-இல் அலுமினியத்தைச் சாம்பல் நிறத் தூளாகவும், 1845-இல் சிறு மணிகளாகவும் பெற்றார். 1836 முதல் 1882-இல் மறையும்வரை கட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராய் விளங்கினார்.