வெட்டிய துணி ஒட்டாது: தையல்காரருக்குத் தவறு தரும் பாடம்

பெருநாள் நெருங்கிவிட்டால் நம் தையற்கடைகளில் நள்ளிரவிலும் மிஷின் ஓடும். தவறுகள் அதிகம் நேர்வதும் அப்போதுதான். ஆயத்த ஆடை சரியில்லை என்றால் வேறொன்றை மாற்றிக் கொடுக்கலாம். தைக்க வந்த துணியோ வாடிக்கையாளருடையது. நம்மிடம் இருக்கும் அமானிதம். வெட்டிய பிறகு அது ஒட்டாது.

தவறே செய்யாமல் தொழில் கற்றவர் யாரும் இல்லை. ஆனால் ஒரே தவறை இரண்டாவது முறை செய்தால் அது கவனக்குறைவு. எனவே ஆர்டர் நோட்டில் அளவுகளோடு, திரும்பி வந்த உடையில் என்ன குறை, ஏன் நேர்ந்தது என்பதையும் எழுதி வைப்போம். சில மாதங்களில் அந்தப் பக்கங்களே நமக்கு ஆசிரியராகிவிடும்.

அடிக்கடி நேரும் தவறுகள் சில. புதுப் பருத்தித் துணி முதல் சலவையில் 100க்கு 3 முதல் 5 பங்கு வரை சுருங்குவது சாதாரணம். 52 இஞ்ச் நீள ஜிப்பாவில் அது 2 இஞ்சையும் தாண்டலாம். நனைத்து உலர்த்தி வெட்டினால் இந்தப் புகார் வராது. பழைய இஞ்ச் டேப் நாளடைவில் நீண்டுவிடும். இரும்பு ஸ்கேலோடு அவ்வப்போது ஒப்பிட வேண்டும். வெல்வெட் துண்டுகளை எதிரெதிர் திசையில் வெட்டினால் ஒரே துணி இரண்டு நிறமாகத் தெரியும். "போன தடவை அளவே போதும்" என்பார்கள். வளரும் பிள்ளைக்கு அது போதாது.

திருத்துவதற்கு இடம் விட்டுத் தைப்பதும் நல்ல பழக்கம். இரு பக்கத் தையலிலும் உள்ளே கூடுதல் துணி விட்டிருந்தால், ஒவ்வொரு விளிம்பிலும் அரை இஞ்ச் தளர்த்தினாலே மொத்தச் சுற்றளவில் 2 இஞ்ச் கிடைக்கும். பட்டில் மட்டும் கவனம் தேவை. பிரித்த இடத்தில் ஊசித்துளை தெரியும்.

இவ்வளவுக்கும் பிறகு தவறு நேர்ந்தால்? அயர்ன் போட்டு மறைத்துக் கொடுப்பதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. பெருநாள் காலையில் குளித்துவிட்டு உடுத்தும்போது அவர் அதைக் கண்டுபிடிப்பார். தொழுகைக்குப் போகும் நேரத்தில் வேறு உடைக்கு எங்கே போவார்? அந்த வருத்தம் அவர் வீட்டோடு நிற்காது. தெரு முழுக்கப் பேச்சாகும்.

மாறாக, தவறு தெரிந்த அன்றே அழைத்து, "பாய், கையில் ஒரு இஞ்ச் குறைந்துவிட்டது, தவறு எங்களுடையது" என்று சொல்லிவிட வேண்டும். கூலி வாங்காமல் திருத்தித் தருவதா, புதுத் துணி வாங்கித் தருவதா என்பதை அவரிடமே கேட்க வேண்டும். அதில் ஒரு நாள் கூலி போகலாம். ஆனால் உண்மையைச் சொன்ன கடையை மக்கள் எளிதில் விடுவதில்லை.

அதேபோல், முடிக்க முடியாத ஆர்டரை வாங்காமல் இருப்பதும் நேர்மைதான். "பெருநாளுக்குள் முடியாது" என்று முதல் நாளே சொன்னால் அவர் வேறு கடை பார்த்துக்கொள்வார். கடைசி இரவில் சொன்னால், அவருடைய பிள்ளையின் பெருநாளை நாம் பறித்தவர்களாவோம்.