கொழும்பு பார்க்கப் போகிறோம்: எங்கே தங்குவது?

எமது ஊர்ப்புறத்தில் கொழும்பு என்றால் ஆஸ்பத்திரி. அல்லது பாஸ்போர்ட் கந்தோர். அல்லது வெளிநாட்டுக்குப் போகிற பிள்ளையை வழியனுப்பப் போகும்போது வாகனத்தின் ஜன்னல் வழியே தெரிகின்ற கட்டடங்கள். கிழக்கின் கரையோரத்தில் எத்தனையோ தாய்மார் தலைநகரை இப்படித்தான் அறிந்திருக்கிறார்கள். என் உம்மாவும் அவர்களில் ஒருவர். எழுபது வயது வரைக்கும் மூன்று தடவை கொழும்புக்கு வந்திருந்தார். மூன்றும் மகரகம ஆஸ்பத்திரியில் இருந்த வாப்பாவைப் பார்ப்பதற்காக. காலிமுகத்திடல் எந்தப் பக்கம் என்று கூட அவருக்குத் தெரியாது.

ஒரு பாடசாலை விடுமுறையில் உம்மாவையும் மனைவி மக்களையும் கூட்டிக்கொண்டு, வேறெந்த அலுவலும் இல்லாமல், கொழும்பைப் பார்ப்பதற்கென்றே புறப்பட்டோம். ஆசிரியர் சம்பளத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். ஆகவே முதலில் எங்கே தங்குவது என்பதைத் தீர்மானித்தோம். எதையெல்லாம் பார்ப்பது என்று அதன் பிறகுதான் யோசித்தோம்.

அப்படிச் செய்ததற்குக் காரணம் உண்டு. அதற்குச் சில வருடங்களுக்கு முன்னர் மனைவியோடும் பிள்ளைகளோடும் இரவு பஸ்ஸில் வந்து சுபஹு நேரத்தில் புறக்கோட்டையில் இறங்கினேன். முன்கூட்டி எதுவும் பேசி வைக்கவில்லை. பஸ் நிலையத்துக்கு அருகில் வாடகை குறைந்த லொட்ஜ் ஒன்றில் அறை எடுத்தேன். மூன்றாம் மாடி, லிப்ட் கிடையாது. கழிப்பறை நடைவழியின் கோடியில், எல்லாருக்கும் பொதுவாக. பகலில் ஒன்றும் தெரியவில்லை. இரவானதும்தான் கீழ் மாடியில் மதுச்சாலை இருப்பது புரிந்தது. மனைவியோ மகளோ கழிப்பறைக்குப் போகும்போதெல்லாம் நான் வெளியே காவல் நின்றேன். மனைவி அன்றிரவு கண்மூடவில்லை. மறுநாள் மிருகக்காட்சிசாலையில் சிறியவன் யானைக்கு முன்னால் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். வாடகையில் மிச்சம் பிடித்தது கொஞ்சம். பயணமே வீணாகிப் போனது. லொட்ஜைக் குறை சொல்லிப் பயனில்லை. அது வியாபாரத்துக்குச் சரக்கு எடுக்க வருகின்ற ஆண்கள் ஓரிரவு தலைசாய்க்கும் இடம். குடும்பத்தை அங்கே கொண்டுபோனது என் பிழை.

புறக்கோட்டை பகலில் பார்க்க வேண்டிய இடம். கடைகள் மூடிய பிறகு பெண்களும் பிள்ளைகளும் நடமாடுகிற இடமல்ல. மருதானை, மாளிகாவத்தைப் பக்கம் எம்மவர் செறிந்து வாழும் பகுதிகள். பள்ளிவாசலுக்கும் சாப்பாட்டுக்கும் குறைவில்லை. ஆயினும் அங்குள்ள அறைகளில் பல ஆஸ்பத்திரிக்கு வருவோரையும் தனி ஆண்களையும் எண்ணி நடத்தப்படுபவை. கொள்ளுப்பிட்டி, காலிமுகத்திடல் ஓரத்து வாடகை எமது சட்டைப்பைக்கு எட்டாது.

என் அபிப்பிராயத்தில் நடுத்தரக் குடும்பமொன்றுக்குப் பொருத்தமானது பம்பலப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை ஊடாகத் தெஹிவளை வரையுள்ள காலி வீதிப் பகுதி. கடைகளில் தமிழ் பேசலாம். பள்ளிவாசல்கள் நடக்கும் தூரத்தில். ஹலாலான சாப்பாட்டுக்கு அலைய வேண்டியதில்லை. காலி வீதியில் ஓடும் 100, 101 ஆம் இலக்க பஸ்கள் புறக்கோட்டைக்குப் போகும். கரையோர ரயில் கோட்டையிலிருந்து கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை என்று கடலை உரசிக்கொண்டு செல்கிறது. கோட்டையிலிருந்து வரும்போது வலப்பக்க ஜன்னலைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டால் அதுவே ஒரு சுற்றுலா.

போக்குவரத்தை ஏன் இவ்வளவு சொல்கிறேன்? நகருக்கு வெளியே வாடகை குறைவு என்று எண்ணிப் பலர் தூரத்தில் அறை எடுக்கிறார்கள். முச்சக்கர வண்டி மூவருக்குரியது. உம்மா, நாம் இருவர், பிள்ளைகள் மூவர் என்று ஆறு பேர் போனால் ஒவ்வொரு தடவையும் இரண்டு வண்டி. காலையில் இரண்டு, மாலையில் இரண்டு, இடையில் இரண்டு. அறையில் மிச்சம் பிடித்ததை வண்டிக்குக் கொடுத்து விடுவோம். ரயில் நிலையத்துக்கு நடந்து போகக் கூடிய இடமென்றால் வாடகை ஆயிரம் ரூபாய் கூடினாலும் நட்டமில்லை.

சொல் ஒன்றிலும் கவனம் வேண்டும். எம் நாட்டில் ஹோட்டல் என்றால் சாப்பாட்டுக் கடை. "நல்ல ஹோட்டலாப் பார்த்து விடுங்க" என்று வண்டிக்காரரிடம் சொன்னால் கொத்துரொட்டி தட்டுகிற சத்தத்துக்கு முன்னால் இறக்கிவிடுவார். விடுதி, அறை என்றே கேளுங்கள்.

இப்போது கைத்தொலைபேசியில் அறைகளின் படம் பார்த்துப் பதிவு செய்யும் வசதி வந்துவிட்டது. படத்தில் எந்தக் கட்டிலும் வெள்ளையாகத்தான் தெரியும். நான் படத்தைப் பார்த்தபின் தொலைபேசியில் நேரடியாகப் பேசுவேன். முதற் கேள்வி, குடும்பத்தவர்தான் தங்குகிறார்களா என்பது. இரண்டாவது, மணித்தியாலக் கணக்கில் அறை கொடுப்பீர்களா என்பது. கேட்கக் கூச்சமாயிருக்கும், கேட்டே ஆக வேண்டும். மழுப்பினால் வேறிடம் பாருங்கள். மதுச்சாலையோ கல்யாண மண்டபமோ அதே கட்டடத்தில் உண்டா? கல்யாண மண்டபத்தின் வாத்தியம் நள்ளிரவு வரை நிற்காது. வாடகை அறைக்கா, ஆளுக்கா? மேலதிக மெத்தைக்கு எவ்வளவு? அறையை எத்தனை மணிக்கு ஒப்படைக்க வேண்டும்? இரவு பஸ்ஸில் வந்து விடியற்காலையில் இறங்குகிறவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: நேரத்தோடு வந்தால் அறை தருவார்களா, அதற்கு அரைநாள் வாடகை பிடிப்பார்களா? பெரும்பாலான இடங்களில் பகல் தாண்டித்தான் அறை கிடைக்கும். அதுவரை பயணப் பைகளையாவது வைக்க இடம் தருவார்களானால் நல்லது.

சொல்கின்ற விலை முழு விலையா என்பதும் முக்கியம். சேவைக் கட்டணம் 10 வீதம். வரிக்குப் பதிவு பெற்ற இடங்களில் பெறுமதி சேர் வரி வேறு. அது 2024 ஜனவரி முதல் 18 வீதம். எட்டாயிரம் என்று நினைத்துப் போன அறை கணக்கு முடிக்கும்போது பத்தாயிரத்தைத் தாண்டிவிடும். இறுதி விலையை வட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். முற்பணம் கொடுத்தால் பற்றுச்சீட்டும்.

வயோதிபர் உடன் வந்தால் கழிப்பறையைப் பற்றி விபரமாகக் கேளுங்கள். உம்மாவுக்கு முழங்கால் மடங்காது. கொமட் இல்லாத இடத்தில் அவர் தண்ணீரே குடிக்க மாட்டார். பயணத்தில் அவர் சோர்ந்து போவதற்குக் காரணம் வெயிலென்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். மனைவிதான் உண்மையைச் சொன்னார். அறையோடு கழிப்பறை, அதில் கொமட், பக்கத்தில் கழுவுவதற்குத் தண்ணீர்ப் பைப், வழுக்காத தரை, கீழ்த்தளம் அல்லது லிப்ட். இந்த ஐந்தும் கிடைத்தால் குளிரூட்டி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் ஜன்னலுக்கு நுளம்பு வலை இருக்கிறதா என்று பாருங்கள். கொழும்பின் டெங்கு நுளம்பு விருந்தாளியென்று பார்ப்பதில்லை.

தொழுகை விடயத்தில் எளிது உண்டு. போன நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக நான்கு முழு நாட்களுக்குக் குறைவாகத் தங்க நிய்யத்து வைப்பவர் ஷாபிஈ மத்ஹபின்படி பயணிதான். சுருக்கியும் சேர்த்தும் தொழலாம். அறையில் கிப்லா அடையாளம் இல்லையே என்று தேடவேண்டாம். வெள்ளவத்தையில் கடலை நேரே பார்த்து நின்று சற்று வலப்பக்கம் திரும்பினால் சரி.

இன்னொன்றையும் எழுதாமல் விடமுடியாது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு ஒரு விடுதிக்குப் போனேன். தொலைபேசியில் இருந்த அறை, மனைவியின் அபாயாவையும் என் தாடியையும் கண்டதும் இல்லாமற் போனது. வாக்குவாதப்படவில்லை; பிள்ளைகளோடு வெளியே வந்துவிட்டேன். மகள் "ஏன் வாப்பா?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. அதிலிருந்து பெயரையும் அடையாள அட்டைப் பிரதியையும் முன்கூட்டியே அனுப்பி, அறை உறுதி என்று அவர்கள் எழுதியனுப்பிய பிறகுதான் வீட்டைப் பூட்டுகிறேன். மறுப்பதென்றால் ஊரில் இருக்கும்போதே மறுக்கட்டும்.

அந்த விடுமுறையில் வெள்ளவத்தையில் கடற்பக்கத்து ஒழுங்கையொன்றில் கீழ்த்தள அறை கிடைத்தது. கேத்தல் ஒன்றும் கொடுத்தார்கள். காலையில் பக்கத்துக் கடையில் இடியப்பமும் சொதியும் வாங்கி அறையிலேயே சாப்பிட்டோம். மூன்று நாட்கள். ஒரு நாளைக்கு இரண்டு இடத்துக்கு மேல் போகவில்லை. பகல் உணவுக்குப் பின் எல்லாரும் ஒரு மணித்தியாலம் படுத்து எழும்பினோம். தங்குமிடம் கிட்ட இருந்ததால்தான் அது முடிந்தது.

தேசிய நூதனசாலையில் பிள்ளைகளுக்கு முதலில் கட்டடத்தைக் காட்டினேன். 1877 இல் திறக்கப்பட்ட அந்த மாளிகையைக் கட்டி முடித்த ஒப்பந்தக்காரர் வாப்பிச்சி மரைக்கார், எம்மவர். புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமான சம்மாங்கோட்டுப் பள்ளி. 1908 இல் தொடங்கி மறு வருடம் முடிந்த வேலை. வெளியே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். தெஹிவளை மிருகக்காட்சிசாலையில் சிறியவன் இந்த முறை தூங்கவில்லை.

2022 செப்டெம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட தாமரைக் கோபுரம் 350 மீற்றர் உயரம். மேலே போனதும் பிள்ளைகள் துறைமுகத்துப் பக்கம் ஓடினார்கள். உம்மா கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, "மனெ, மகரகம எந்தப் பக்கம்?" என்று கேட்டார். தென்கிழக்கைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

கடைசி மாலை காலிமுகத்திடலில். அங்கே 1859 ஆம் ஆண்டுக் கல்லொன்று இருக்கிறது. தேசாதிபதி ஹென்றி வார்ட் அந்த நடைபாதையை முடித்து, கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இதைப் பேணிவாருங்கள் என்று தமக்குப் பின் வருவோரைக் கேட்டுப் பொறித்து வைத்தது. உம்மாவுக்கு அதை வாசித்துச் சொன்னேன். இறால் வடையின் உறைப்பில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த வெள்ளைக்காரன் நல்லவன்போல" என்றார். பிறகு, அறைக்காரரின் தொலைபேசி நம்பரைத் தொலைத்துவிட வேண்டாமென்றும், அடுத்த முறை பெரிய மகளையும் கூட்டிவர வேண்டுமென்றும் சொன்னார். நம்பர் என் டயறியில் இருக்கிறது.