ஒரே பெயர், இரு குணம்: தொடக்கநிலைப் புராஸ்டேட் புற்றுநோய்

சோலூர் போன்ற மலையூர்களிலிருந்து வரும் முதியவர்கள் திசுப்பரிசோதனை அறிக்கையை நீட்டி, "தொடக்கநிலை என்றுதானே இருக்கிறது, டாக்டர்? அறுவை சிகிச்சை செய்ய வேண்டுமா, விட்டுவிடலாமா?" என்று கேட்பதுண்டு. இவ்விரண்டுக்கும் இடையே தொடர் கண்காணிப்பு என்னும் வழியும் உண்டு. எவருக்கு எது என்பதைப் புற்றணுக்களின் குணமே பெரிதும் தீர்மானிக்கிறது.

புராஸ்டேட் புற்றுநோய் பலருக்கு மிக மெதுவாகவே வளர்கிறது. நோய் சுரப்பிக்குள் அடங்கியிருந்த 1,643 ஆண்களை பிரிட்டனில் ஏறத்தாழ 15 ஆண்டுகள் பின்தொடர்ந்தனர். அவர்களுள் இந்நோயால் இறந்தவர்கள் 45 பேர். அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, கண்காணிப்பு ஆகிய எப்பிரிவிலும் இறப்பு விகிதத்தில் பெரிய வேறுபாடில்லை. நோய் பரவியது மட்டும் கண்காணிப்புப் பிரிவில் கூடுதலாக இருந்தது. ஆகவே, வேகமாகப் பரவக்கூடிய நோயை முன்கூட்டியே இனங்காண்பது இன்றியமையாதது.

இதற்கான முதற்படி, நுண்ணோக்கியில் அணுக்களின் அமைப்பைப் பார்த்துத் தரும் கிளீசன் மதிப்பெண். இரண்டாம் படி மரபணுக்கள். 2005-ஆம் ஆண்டில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அருள் சின்னையன் குழுவினர், புராஸ்டேட் புற்றணுக்கள் பலவற்றில் இரு மரபணுக்கள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதைக் கண்டறிந்தனர். அவ்விணைப்பு மட்டுமே நோயின் வேகத்தைச் சொல்லிவிடாது. அணுவின் வளர்ச்சிக்குத் தடைபோடும் பி.டி.இ.என். மரபணு அழிந்திருந்தால் நோய் தீவிரமடையும் வாய்ப்பு மிகுதி. சிதைந்த டி.என்.ஏ.வைச் செப்பனிடும் பி.ஆர்.சி.ஏ.2 மரபணுவில் பிறவியிலேயே குறையிருந்தாலும் அவ்வாறே.

இப்பிறவிக் குறை தந்தை வழியாகவும் தாய் வழியாகவும் வரலாம். பெண்களுக்கு மார்பகப் புற்றுநோயும் சினைப்பைப் புற்றுநோயும் வரும் வாய்ப்பை அது கூட்டுகிறது. ஆதலால் தாய், அத்தை, சித்தி, உடன்பிறந்தவர்கள் ஆகியோருக்கு வந்த நோய்களைக் கூச்சமின்றிக் கூறுங்கள். அத்தகவல் உங்கள் சிகிச்சையோடு, உங்கள் மகளின் நலனையும் காக்கக்கூடும்.

அடுத்த முறை வரும்போது பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனை முடிவுகளையும் திசுப்பரிசோதனை அறிக்கையையும் தவறாமல் கொண்டுவாருங்கள். "என் கிளீசன் மதிப்பெண் என்ன? எனக்கு மரபணுப் பரிசோதனை தேவையா?" என்று கேளுங்கள், எல்லோருக்கும் அது தேவைப்படுவதில்லை. கண்காணிப்பு போதும் என்று மருத்துவர் கூறினால், அது நோயை மறந்துவிடுவதற்கான அனுமதியன்று. தேயிலை பறிக்கும் பருவமாயினும், மலைப்பாதையில் மழையாயினும், குறித்த நாளில் பரிசோதனைக்கு வருவதே அச்சிகிச்சையின் உயிர்நாடி.