குடற்புழு மருந்தும் தீனி மறுத்தலும்

குடற்புழு மருந்து கொடுத்த மறுநாள் ஆடோ கன்றோ தீனியில் வாய் வையாமல் நின்றால், மருந்து பற்றவில்லை என்று எண்ணி இரண்டாம் முறையும் ஊற்றிவிடும் குடியானவர் உண்டு. மருந்தே விஷமாயிற்று என்று அஞ்சி, இனி மருந்தே வேண்டாமென விட்டுவிடுவாரும் உண்டு. முன்னவருடைய செயலால் கால்நடை மருந்தினாலேயே மடியக்கூடும். பின்னவருடைய செயலால் புழுவினால் மடியக்கூடும். தீனி மறுப்பின் காரணத்தைப் பகுத்தறிந்து நடப்பதே நஷ்டத்தைத் தவிர்க்கும் வழியாகும்.

நாஞ்சில்நாட்டில் புழு மிகுவதேன்?

தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவ மழைகளும் கன்னியாகுமரி மாவட்டத்திற்குக் கிடைக்கின்றன. தோவாளை, அகஸ்தீஸ்வரம் பகுதிகளின் வயல்களுக்குப் பழையாற்று நீரும், 1906-ம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற பேச்சிப்பாறை அணையின் நீரும் பாய்கின்றன. கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இருபோக நெற்சாகுபடிக்கு இந்த ஈரம் எவ்வளவு அநுகூலமோ, புழுக்களுக்கும் அவ்வளவு அநுகூலம். ஈரல் தட்டைப்புழு வயல் நீரிலுள்ள நத்தையின் உடலில் வளர்ந்து, பிறகு புல்லின் மீதும் நெல்தாளின் அடிப்பாகத்தின் மீதும் ஒட்டிக்கொள்கிறது. இவ்வுண்மை ஐரோப்பாவில் 1880-களின் தொடக்கத்தில் கண்டறியப்பட்டது. அறுவடையான ஈரவயலில் மாட்டை மேயவிடுவதும், காயாத அடித்தாளைத் தின்னக் கொடுப்பதும் இப்புழுவை அழைத்துக் கொள்வதாகும்.

ஆடுகளின் நான்காம் இரைப்பையில் ஒட்டி இரத்தம் உறிஞ்சும் உருண்டைப்புழுவோ நத்தையின் உதவியை வேண்டுவதில்லை. ஈரப்புல்லே அதற்குப் போதும். எருமைக்கன்றுகளுக்குப் பெருவட்டப்புழு தாய்ப்பாலின் வழியாகவே வந்து சேருகிறது. ஆகையால், புல் தின்னாத இளங்கன்றுக்குப் புழு ஏது என்று இருந்துவிடலாகாது.

பசி குறைவதற்குரிய காரணங்கள்

முதலாவது, புழுவே பசியைக் கெடுக்கும். இரைப்பையிலும் குடலிலும் உண்டாகும் ரணத்தினால் ஜீரணம் மந்தப்படுகிறது. கண்ணிமையின் உட்புறம் வெளுத்தல், தாடையின் கீழ் வீக்கம், கழிச்சல் ஆகியவை மருந்து கொடுப்பதற்கு முன்னரே காணப்பட்டிருந்தால், பசிக்குறைவுக்கு மருந்தின்மீது குறை சொல்வது பொருந்தாது.

இரண்டாவது, மருந்தின் இயல்பு. தட்டைப்புழுவுக்குக் கொடுக்கும் ஆக்சிக்ளோசனைடு சில மாடுகளுக்கு ஓரிரு நாள் சாணத்தை இளக்கித் தீனியையும் சற்றுக் குறைக்கும். இது தானே சரியாகிவிடும். லெவமிசோல் அளவு மீறினால் வாயில் நீர் வடிதலும் நடுக்கமும் உண்டாகும். இதற்கு உடனே வைத்தியம் தேவை.

மூன்றாவது, மிகுதியான புழுக்கள் ஒரே சமயத்தில் மடிதல். பெருவட்டப்புழு முற்றி நிறைந்த கன்றுக்கு மருந்து கொடுக்கும்போது, செத்த புழுக்கள் திரண்டு குடலை அடைக்கக்கூடும். கன்று பால் குடியாமல், வயிறு உப்பி, சாணமிடாமல் வேதனைப்படுமாயின் ஒரு நாழிகையும் தாமதிக்கலாகாது. இதனை முன்கூட்டித் தடுக்க, கன்று பிறந்த 10 முதல் 16 நாட்களுக்குள் வைத்தியர் விதித்தபடி பைப்பரசின் கொடுத்தல் நலம். அப்போது புழுக்கள் இளமையாயிருக்கும்.

நான்காவது, மருந்து ஊற்றும் முறையிலுள்ள பிழை. கால்நடையின் தலையை வானோக்கி நிமிர்த்து, நாவை இழுத்துப் பிடித்துக்கொண்டு மருந்தை ஊற்றினால் அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். இருமலும், வேகமான மூச்சும், காய்ச்சலும், தீனி மறுத்தலும் தொடர்ந்து வரும். முகம் தரைக்குச் சமமாக இருக்கும்படி பிடித்து, கடைவாயின் வழியே சிறிது சிறிதாகக் கொடுக்கவேண்டும். இருமினால் உடனே தலையைத் தாழ விடவேண்டும்.

இவையன்றி, கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் மரச்சீனி இலையை வாடாமல் தின்ற ஆடுகளுக்கு மூச்சுத் திணறலும் தள்ளாட்டமும் நேர்வதுண்டு. அன்றைக்குப் புழு மருந்தும் கொடுத்திருந்தால் பழி மருந்தின்மேல் விழும். ஆடு முன்னர் எதைத் தின்றது என்று வைத்தியரிடம் சொல்வது அவசியம்.

செய்யவேண்டியவை

மருந்தைக் கண்ணளவாக ஊற்றலாகாது. உதாரணமாக, கிலோ எடைக்கு 10 மில்லிகிராம் அல்பெண்டசோல் என்று வைத்தியர் விதித்தால், 20 கிலோ எடையுள்ள ஆட்டுக்கு 200 மில்லிகிராம் வேண்டும். மில்லிலிட்டருக்கு 25 மில்லிகிராம் கொண்ட கரைசலில் இது 8 மில்லிலிட்டர் ஆகும். குறைவாகக் கொடுத்தால் எஞ்சிய புழுக்கள் மருந்துக்குப் பழகிவிடும். சினைப்பட்ட முதல் மாதத்தில் அல்பெண்டசோல் கொடுக்கலாகாது. வேறு மருந்து கேட்டுப் பெறவேண்டும்.

மருந்துக்கு முன்னும் பின்னும் நெடும்பட்டினி போடுவது தவறு. அசைபோடும் பிராணியின் முதலிரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களே அதன் ஜீரணத்தை நடத்துகின்றன. தீனி நின்றால் அவையும் க்ஷீணிக்கும். நிறைசினை ஆடு இரண்டு நாள் உண்ணாதிருந்தால், இரத்தத்தில் சர்க்கரை குறைந்து தாயும் குட்டியும் ஒருங்கே இறக்கவும் கூடும்.

மருந்து கொடுத்த கால்நடையை நிழலில் கட்டி, சுத்தமான தண்ணீரும், பசும்புல்லும், அதற்குப் பிரியமான தழையும் சிறுகச் சிறுக வைக்கவேண்டும். பசி திரும்பியதும் தவிடு, புண்ணாக்கு, சோறு முதலியவற்றை நிறையக் கொட்டலாகாது. கொட்டினால் வயிறு புளித்து வேறொரு நோய் உண்டாகும். ஒரு நாள் தீனி குறைந்தாலும் அசைபோட்டு, தண்ணீர் குடித்து, சாணமிடுமாயின் பொறுத்திருக்கலாம். இரண்டாம் நாளும் உண்ணாவிட்டாலும், அசைபோடுதல் நின்றாலும், ஆட்டின் உடற்சூடு 104 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேற்பட்டாலும் வைத்தியரை அழைக்கவேண்டும். எக்காரணத்தாலும் வைத்தியர் சொல்லாமல் மறுமுறை மருந்து ஊற்றலாகாது.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

மருந்து எதுவாயினும் சாணப் பரிசோதனைக்குப் பிறகு கொடுப்பதே உத்தமம். தட்டைப்புழுவுக்குரிய மருந்துகள் எல்லாமே உருண்டைப்புழுவைக் கொல்வதில்லை. உருண்டைப்புழு மருந்துகள் பலவும் தட்டைப்புழுவை அசைப்பதில்லை. புதிய சாணத்தைச் சிறு டப்பாவில் இட்டு, கால்நடையின் வயதையும் முன்பு கொடுத்த மருந்தையும் எழுதி, அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திற்குக் கொண்டுசெல்லுமாறு குடியானவர்களுக்கு எடுத்துரைத்தல் வேண்டும். கிராமத்தில் புழு மருந்து முகாம் நடக்கும்போது எடை பார்க்க ஒரு தராசும், மருந்தின் பெயர், அளவு, தேதி குறித்த சீட்டும் இருக்குமாயின், பின்னர் தீனி மறுக்கும் கால்நடைக்குச் சரியான வைத்தியம் செய்வது எளிதாகும். பாலை எத்தனை நாள் விலக்கவேண்டும் என்பதையும் அச்சீட்டிலேயே குறித்தல் நன்று.

1940-ம் ஆண்டுக்கு முன் மயில்துத்தத்தையும் புகையிலைச் சத்தையும் சேர்த்து ஆடுகளுக்குப் புகட்டினர். 1938-ம் ஆண்டிற்குப் பின் பீனோதயசின் வந்தது. 1961-ம் ஆண்டில் தயபெண்டசோல் வந்தது. மருந்துகள் மேன்மேலும் அபாயம் குறைந்தவையாகி வந்திருக்கின்றன. ஆயினும் மருந்தூட்டிய மறுநாட் காலையில் தொழுவத்துக்குச் சென்று, கால்நடை தின்கிறதா, அசைபோடுகிறதா என்று பார்க்கும் கடமை அன்றுபோல் இன்றும் உடையவரையே சார்ந்தது.