உருண்டு வந்து நின்ற பந்து

திரைப்படத்தில் அச்சமூட்ட என்னென்ன வேண்டும் என்று கேட்டால் நாம் உடனே பட்டியல் போட்டுவிடுவோம். பாழடைந்த மாளிகை, நள்ளிரவு, இடி, மின்னல், திடீரென்று அலறும் வயலின்கள்! இவற்றுள் ஒன்றுமே இல்லாமல், நண்பகல் வெளிச்சத்தில், ஒரு தாய் மதிய உணவு எடுத்து வைப்பதைக் காட்டியே காண்போர் நெஞ்சைக் கலங்க வைத்த படம் ஒன்று உண்டு. 1931ஆம் ஆண்டு ஜெர்மனியில் வெளிவந்த அப்படத்தின் பெயர் ஒரே எழுத்து: ‘எம்’. கொலைகாரன் என்பதற்கான ஜெர்மானியச் சொல்லின் முதலெழுத்து அது.

இதை இயக்கியவர் ஃப்ரிட்ஸ் லாங் (1890–1976). கதை வசனத்தை அவரும் அவர் மனைவி தேயா ஃபான் ஹார்பூவும் எழுதினர். ‘மெட்ரோபோலிஸ்’ (1927) போன்ற மௌனப் படங்களால் புகழ்பெற்றிருந்த லாங்கிற்கு இதுவே முதல் பேசும் படம். ஒலி புதிதாக வந்த காலம் அது. கிடைத்த புதுப் பொருளை வீடெங்கும் பரப்பி வைப்பதுபோலப் பலரும் படம் முழுவதையும் பேச்சாலும் பாட்டாலும் நிரப்பிக்கொண்டிருந்தனர். லாங்கோ ஒலியைச் சிக்கனமாகச் செலவிட்டார். படத்திற்குப் பின்னணி இசையே வைக்கவில்லை. ஆகவே கேட்கும் ஒவ்வோர் ஒலிக்கும் பொருள் உண்டு. ஒலி நின்றுபோனால் அதற்கும் பொருள் உண்டு. முதல் காட்சியைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

பாட்டும் ஒரு காவல்

திரை முதலில் இருண்டிருக்கிறது. அந்த இருளில் ஒரு சிறுமியின் குரல் மட்டும் கேட்கிறது. பிறகே காட்சி தெரிகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பின் முற்றத்தில் குழந்தைகள் வட்டமாக நிற்கின்றனர். காமிரா அவர்களை மேலிருந்து பார்க்கிறது. நடுவில் நிற்பவள் ஒவ்வொருவராகச் சுட்டிக்கொண்டே பாடுகிறாள். பாட்டு முடியும்போது விரல் யாரிடம் நிற்கிறதோ அவள் வெளியேற வேண்டும். எல்லா ஊர்களிலும் உள்ள விளையாட்டுதான். ஆனால் அந்தப் பாட்டோ, வெட்டுக்கத்தியோடு வரப்போகும் ஒருவனைப் பற்றியது! விளையாட்டில் ஒருத்தி வெளியேறுகிறாள்; வாழ்க்கையிலும் ஒருத்தி வெளியேறப் போகிறாள் என்பதை இயக்குநர் முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட்டார். நாம்தான் அப்போது உணர்வதில்லை.

மாடியில் சலவைக் கூடையுடன் வரும் ஒரு பெண், அந்தப் பாழும் பாட்டைப் பாடாதீர்கள் என்று அதட்டுகிறாள். அவள் தலை மறைந்ததும் குழந்தைகள் மீண்டும் தொடங்குகின்றனர். கூடையைச் சுமந்து மேலேறி வந்த அவள், துணி துவைத்துக்கொண்டிருக்கும் திருமதி பெக்மானிடம் குறைப்படுகிறாள். அதற்கு அந்தத் தாய் சொல்லும் பதில்தான் இக்காட்சிக்கே திறவுகோல்: அவர்கள் பாடுவது கேட்கும் வரையில், அவர்கள் அங்கே இருக்கிறார்கள் என்றாவது நமக்குத் தெரிகிறதே என்கிறாள்.

எவ்வளவு எளிய சொற்கள்! குரல் கேட்டால் குழந்தை இருக்கிறது. அப்படியானால் குரல் கேட்காவிட்டால்? அந்தக் கேள்வியை அவள் கேட்கவில்லை. அடுத்த சில நிமிடங்கள் முழுவதும் அந்தக் கேள்வியாகவே இருக்கின்றன.

எச்சரிக்கும் ஆபத்தும் எச்சரிக்காத ஆபத்தும்

சுவர்க் கடிகாரத்தின் குயில் கூவிப் பன்னிரண்டு என்று அறிவிக்கிறது. தாயின் களைத்த முகத்தில் புன்னகை. கையைத் துடைத்துக்கொண்டு மகளுக்கு உணவு எடுத்து வைக்கத் தொடங்குகிறாள். அதே நேரத்தில் பள்ளி விடுகிறது. சிறுமி எல்ஸி சாலையில் காலை வைக்கிறாள். ஒரு கார் ஹார்ன் அடிக்கிறது, அவள் பின்வாங்குகிறாள். போலீஸ்காரர் ஒருவர் வந்து அவளைப் பத்திரமாகச் சாலையைக் கடக்க வைக்கிறார். நாமும் நிம்மதியாக மூச்சுவிடுகிறோம்.

தோழியரே, இங்கேதான் லாங் நம்மை ஏமாற்றுகிறார். ஹார்ன் அடித்துக்கொண்டு வரும் ஆபத்திலிருந்து எல்ஸி தப்பிவிட்டாள். அடுத்து வருவது ஹார்ன் அடிக்காத ஆபத்து.

பந்தைத் தட்டிக்கொண்டே நடக்கும் எல்ஸி, விளம்பரத் தூண் ஒன்றின் மீது அதை எறிந்து பிடிக்கிறாள். தூணில் ஓர் அறிவிப்பு: குழந்தைகளைக் கொல்பவனைப் பிடிக்க உதவினால் 10,000 மார்க் பரிசு. பந்து அந்த எழுத்துகளின் மேலேயே மோதி மோதித் திரும்புகிறது. அப்போது தொப்பியணிந்த ஒரு மனிதனின் நிழல் அறிவிப்பின் மீது விழுகிறது. ஊரெல்லாம் தேடும் குற்றவாளியின் உருவம், அவனைத் தேடும் அறிவிப்பின் மேலேயே! அந்த நிழல் குனிந்து பேசுகிறது. குரலில் கடுமை இல்லை. உன் பந்து மிக அழகாக இருக்கிறதே, உன் பெயர் என்ன என்று கனிவாகக் கேட்கிறது. அவளும் தன் முழுப் பெயரைச் சொல்கிறாள்.

அடுத்து அவன், கண் தெரியாத ஒரு வியாபாரியிடம் அவளுக்கு மனித உருவப் பலூன் ஒன்றை வாங்கித் தருகிறான். வாங்கும்போது ஒரு மெட்டைச் சீழ்க்கையடிக்கிறான். நார்வே நாட்டு இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக் ‘பேர் ஜின்ட்’ நாடகத்திற்காக அமைத்த மெட்டு அது. எல்ஸி மரியாதையாக நன்றி சொல்கிறாள். பரிசு, இனிய சொல், இசை: பார்ப்பதற்கு எல்லாமே நல்லவைதான். அதனால்தான் அவ்வளவு பயங்கரம்! முகத்தைக் காட்டாத அம்மனிதனுக்கு இனி அந்தச் சீழ்க்கையே முகம் ஆகிவிடுகிறது. பிற்பாடு அவனை அடையாளம் காண்பதும் அதே வியாபாரிதான்; கண்ணில்லாதவர் காதால் கண்டுபிடிக்கிறார்.

காலி இடங்கள்

இனித் தாயிடம் திரும்புவோம். படிக்கட்டில் காலடி ஓசை! ஆவலோடு கதவைத் திறக்கிறாள். வந்தவர்கள் வேறு குழந்தைகள். எல்ஸி உங்களோடு வரவில்லையா என்று கேட்கிறாள், இல்லை என்கின்றனர். பிறகு வாசல் மணி அடிக்கிறது. ஓடிப்போய்த் திறந்தால், தொடர்கதைப் புத்தகம் விற்பவர் நிற்கிறார். ஒவ்வோர் ஓசையும் ஒரு நம்பிக்கையைக் கொண்டு வருகிறது. ஒவ்வொரு முறையும் அந்த நம்பிக்கை வாசலிலேயே உதிர்கிறது. கடிகாரம் ஒரு மணியையும் தாண்டிவிட்டது. அவள் சன்னலைத் திறந்து, “எல்ஸி! எல்ஸி!” என்று கூவுகிறாள்.

அந்தக் குரல் ஒலிக்கும்போது திரையில் தாயின் முகம் காட்டப்படுவதில்லை. ஆளற்ற படிக்கட்டு தெரிகிறது. துணிகள் உலரும், ஒருவருமில்லாத மேல்மாடம் தெரிகிறது. உணவு மேசையில் எல்ஸியின் வெறும் தட்டும், அமர ஆளில்லாத நாற்காலியும் தெரிகின்றன. குரல் தேய்ந்துகொண்டே போகிறது. பிறகு குரலும் இல்லை. புதரோரத்திலிருந்து ஒரு பந்து உருண்டு வந்து நிற்கிறது. அந்தப் பலூன் கம்பிகளில் சிக்கித் தவித்து, பின் விடுபட்டுக் காற்றோடு போகிறது. திரை மீண்டும் இருள்கிறது.

ஒரு துளி இரத்தம் காட்டப்படவில்லை. ஓர் அலறல் கேட்கவில்லை. ஆயினும் நடந்தது என்ன என்பதில் எவருக்கும் ஐயமில்லை. எப்போதும் துள்ளிக்கொண்டிருந்த பந்து, தட்டும் கை இல்லாமல் நின்றுவிட்டது, அவ்வளவே. கொடுமையைக் காட்டினால் அது இயக்குநர் கற்பனை செய்த ஒரு கொடுமையாக மட்டுமே இருக்கும். காட்டாமல் விட்டால், காண்போர் ஒவ்வொருவரும் தத்தம் மனத்தில் அதை உருவாக்கிக்கொள்வர். லாங்கும் பிற்காலத்தில் தம் முறையை இவ்வாறே விளக்கியிருக்கிறார். தாய்க்குத் தெரியாதது நமக்குத் தெரியும். நமக்குத் தெரிந்தும் அவளிடம் சொல்ல முடியாது. இந்தத் தவிப்புத்தான் நம்மை நாற்காலியின் நுனிக்குக் கொண்டுவருகிறது.

காட்சி சொல்வது

இவ்வளவும் வெறும் சாமர்த்தியமா? அன்று. அக்காலத்து ஜெர்மனியில் இத்தகைய கொடுஞ்செயல்கள் பற்றிய செய்திகள் வந்து மக்கள் அஞ்சியிருந்த வேளை அது. கொலைகாரனாக நடித்த பீட்டர் லாரை, கோரமான அரக்கனாக அல்லாமல், கூட்டத்தில் கலந்து மறையக்கூடிய சாதாரண மனிதனாகவே லாங் காட்டினார். படத்தின் இறுதியில் வழக்கு மன்றத்துக்கு வந்த தாய்மார்கள் அழுகின்றனர். எந்தத் தீர்ப்பும் தம் பிள்ளைகளைத் திருப்பித் தராது, நாம்தான் குழந்தைகளை இன்னும் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற கருத்தோடு படம் முடிகிறது.

எண்ணிப் பாருங்கள். எல்ஸி அந்த நண்பகலில் எத்தனை பேர் நடுவே நடந்தாள்! கார் ஓட்டியவர் ஹார்ன் அடித்தார். போலீஸ்காரர் சாலையைக் கடக்க உதவினார். வியாபாரி பலூன் விற்றார். ஒருவரும் தவறு செய்யவில்லை. ஆனால் அவள் யாரோடு போகிறாள் என்று கேட்க மட்டும் அங்கே எவரும் இல்லை. தெருவில் துள்ளும் பந்தின் ஓசையும், முற்றத்தில் பாடும் குழந்தைகளின் கூச்சலும் நமக்குப் பல வேளைகளில் தொல்லையாகப் படும். அந்தக் கூச்சல் நின்றுவிட்டால், ஏன் நின்றது என்று எழுந்து போய்ப் பார்க்கத் தோன்ற வேண்டும். அந்த முதல் எட்டு நிமிடங்கள் நமக்குள் விதைப்பது அச்சத்தை மட்டுமன்று, அந்த விழிப்பையும்தான்.